கழுத்துக்கு அடுத்தது கை

சட்டை தைப்பதில் ஒரு வரிசை உண்டு. முதலில் தோள் சேரும், பிறகு கழுத்து ஏறும், கழுத்துக்கு அடுத்தது கை. இருபத்திரண்டு மெஷின்கள் ஓடும் அந்தத் தையல்கூடத்தில் காலரை உடம்போடு சேர்க்கிறவளுக்குக் கழுத்தக்கா என்று பெயர். அவளுக்குப் பின்னால் உட்கார்ந்து கை வைக்கிறவளுக்குக் கையக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர்கள் வருகைப் பதிவேட்டில் பத்திரமாக இருந்தன. அவற்றைத் தேடிப் பார்க்கும் அவசியம் யாருக்கும் வந்ததில்லை. புதிதாகச் சேருகிறவர்கள் முதல் நாள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். மூன்றாம் நாள் பார்த்தால் அவர்களும் பொத்தானாகவோ பையாகவோ ஆகியிருப்பார்கள்.

கையக்காவுக்கு இந்த வேலையை யாரும் உட்கார்த்தி வைத்துச் சொல்லித் தரவில்லை. கையின் வளைவு, அது போய்ச் சேரவேண்டிய உடம்பின் வளைவைவிட ஒரு விரற்கடை அதிகம். அந்த அதிகத்தைச் சுருக்கம் தெரியாமல் தையலுக்குள்ளேயே கரைத்துவிட வேண்டும். கரைக்கத் தெரிந்தவள் கை வைக்கலாம், தெரியாதவள் பை தைக்கலாம். அவள் தபால் பிரிக்கும் வேலையிலிருந்த தன் கணவனின் பழைய சீருடைச் சட்டையைப் பிரித்து, தைத்து, மறுபடி பிரித்து, பதினோரு தடவைக்குப் பிறகு அந்தக் கரைப்பைக் கண்டுபிடித்தாள். "பதினோரு தடவை என்னைக் கையில்லாதவனா ஆக்கினவ" என்று அவர் இன்றைக்கும் சொல்வார்.

அவளுக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தின் நொடிமுள்ளைப் பார்த்துக்கொண்டே தைப்பாள். இடது கைக்கு எத்தனை நொடி, வலது கைக்கு எத்தனை, நூல் அறுந்தால் கோர்க்க எத்தனை என்று நூல்கண்டு வரும் அட்டைப்பெட்டியைக் கிழித்து அதில் எழுதி வைப்பாள். எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை. சிலருக்கு நகம் கடிக்கிற பழக்கம் இல்லையா, அதுபோல.

மெஷின்கள் ஒன்றன்பின் ஒன்றாக இருந்ததால், ஒன்பது வருஷமாக அவள் பார்த்துக்கொண்டிருந்தது கழுத்தக்காவின் பிடரியை. கொண்டைக்குக் கீழே மிளகு அளவு ஒரு மச்சம். அதையொட்டி முதலில் ஒரு நரைமுடி வந்தது, பிறகு அது துணை சேர்த்துக்கொண்டது. முகத்தை மறந்தாலும் மறப்பாள், அந்தப் பிடரியை மறக்கமாட்டாள். பேச்சும் அப்படித்தான். மெஷின் ஓடும்போது காது கேட்காது. ஒருத்தி மெஷின் நிற்கும்போது மற்றவளுடையதும் நிற்க வேண்டும். அந்த இரண்டு நொடியில் அரை வாக்கியம் போகும். மீதி அரை அடுத்த சட்டையில் வரும். கையக்காவின் மகளுக்குத் திருமணம் முடிந்து அவள் வேறு ஊருக்குப் போன கதையை ஒரு வாரம் சட்டை சட்டையாகப் பேசி முடித்தார்கள். இருவர் வீடும் ஊரின் இரண்டு கோடியில். ஒருத்தி வீட்டுக்கு மற்றவள் நாலு தடவைக்கு மேல் போனதில்லை. அவர்களுடைய பழக்கமெல்லாம் ஒரு மெஷினுக்கும் அடுத்த மெஷினுக்கும் இடையிலிருந்த இரண்டு முழ இடத்தில் நடந்தது.

அந்த இடத்தைப் பறித்தது யார் என்று கேட்டால், கையக்காதான்.

நடந்தது இப்படி. முதலாளியம்மா ஒரு நாள் எல்லா மெஷினையும் நிறுத்தச் சொல்லி நடுவில் வந்து நின்றாள். அவளும் ஒரு காலத்தில் அதே கூடத்தில் பொத்தான் ஓட்டை போட்டவள்தான், அதனால் சுற்றி வளைக்காமல் பேசுவாள். புதிதாக ஒரு பெரிய சீருடை வேலை வந்திருக்கிறது. இப்போது நாளைக்கு இருநூற்று நாற்பது சட்டை முடிகிறது, இனி இருநூற்று எண்பது முடிய வேண்டும். ஆளை ஓட ஓட விரட்டி அதைச் செய்வதில் அவளுக்கு விருப்பமில்லை. எங்கே நேரம் வீணாகிறது என்று உட்கார்ந்து தைக்கிறவர்களுக்குத் தெரியாதது தனக்குத் தெரியப்போவதில்லை. ஆளுக்கு ஒரு யோசனை எழுதிப் பெட்டியில் போடட்டும். இவ்வளவுதான் அவள் சொன்னது. ஒருவர், "மின்விசிறி வேலை செய்தால் நாங்களும் செய்வோம்" என்று எழுதிப் போட்டார். மறுநாளே மின்விசிறி சுற்றியது. அதைப் பார்த்த பிறகு பெட்டியில் நிஜமான யோசனைகள் விழத் தொடங்கின.

கையக்காவுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. காலரை உடம்போடு சேர்த்ததும் அந்த மடிப்பை இஸ்திரி போட்டு அமுக்கிவிட்டுத்தான் மேல்தையல் ஓட்ட முடியும். இஸ்திரி அறை கூடத்தைத் தாண்டி, நடையைத் தாண்டி, துணிக்கிடங்குக்கு அடுத்தாற்போல் இருந்தது. பத்துச் சட்டைக்கு ஒரு தடவை கழுத்தக்கா கட்டைத் தூக்கிக்கொண்டு போவாள், அங்கே முறைக்காக நிற்பாள், திரும்பி வருவாள். நாளைக்கு இருபத்து நாலு நடை. நின்ற நேரத்தையும் சேர்த்தால் முழுசாக ஒரு மணி நேரம். கையக்கா அட்டையில் அதையெல்லாம் வரிசையாக எழுதி, கடைசியில் இப்படி முடித்தாள்: "கழுத்தையும் இஸ்திரியையும் ஒன்றாக வைத்தால் நடை மிச்சம்."

எழுதும்போது அவள் மனதில் இருந்தது, தங்கள் இருவருக்கும் பக்கத்தில் சுவரோரமாக ஒரு இஸ்திரி மேஜை வந்து உட்காரும், அக்காவின் கால் கொஞ்சம் ஓயும் என்பதுதான். எது எங்கே போக வேண்டும் என்று அவள் எழுதவில்லை. அதை எழுத வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை.

திங்கட்கிழமை காலை கூடத்துக்குள் நுழைந்தபோது, அவளுடைய மெஷினுக்கு முன்னால் சிமெண்டுத் தரையில் நாலு துருப்பிடித்த வட்டங்கள் மட்டும் இருந்தன. நீராவிக் குழாயைச் சுவருக்குள் பதித்திருந்ததால் இஸ்திரியை நகர்த்த முடியாது, கழுத்தக்காவின் மெஷினை நகர்த்தலாம். முதலாளியம்மா அவள் முதுகைத் தட்டிவிட்டு, எல்லாரும் கேட்க, இந்த வருஷத்தின் நல்ல யோசனை இதுதான் என்றாள். கூடம் கைதட்டியது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். கையக்கா வாயைக்கூடத் திறக்கவில்லை, அட்டையில் எழுதிக் கெட்டாள்.

அன்றிலிருந்து அவளுக்கு முன்னால் பிடரி இல்லை. வெற்றிடமும் அதற்கப்பால் தண்ணீர்த் தொட்டியும் இருந்தன. இஸ்திரி அறைக்கு நேரமும் வேறு. நீராவியை முன்னதாகவே ஏற்றிவிடுவார்கள் என்பதால் அவர்கள் அரை மணி முன்னால் வந்து அரை மணி முன்னால் போனார்கள், சாப்பாடும் தேநீரும் அரை மணி முன்னால் முடிந்தன. கையக்கா டப்பாவைத் திறக்கும்போது கழுத்தக்கா டப்பாவைக் கழுவிக் கவிழ்த்திருப்பாள். ஒன்பது வருஷம் இரண்டு முழத்தில் இருந்தவர்கள், ஒரே கூரையின் கீழே வாரத்துக்கு ஒரு தடவை நடையில் பார்த்துக் கையசைத்துக்கொள்கிறவர்கள் ஆனார்கள்.

சொல்ல வேண்டியது மட்டும் சேர்ந்துகொண்டே போனது. மகளுக்கு மூன்று மாதம் என்று தொலைபேசியில் செய்தி வந்தது. மறுநாள் காலை மெஷினை நிறுத்தி, "அக்கா" என்று வாயெடுத்த பிறகுதான் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக் கூப்பிட்டிருப்பது அவளுக்கே தெரிந்தது. பக்கத்தில் அடிமடிப்புத் தைக்கிறவள் நிமிர்ந்து பார்த்தாள். "தாகமா இருக்கு" என்று சொல்லி எழுந்து போய், வேண்டாத தண்ணீரைக் குடித்துவிட்டு வந்தாள்.

இதுவாவது போகட்டும், எண்ணிக்கை ஏறியிருந்தால். அதுவும் ஏறவில்லை. இஸ்திரி அறையிலிருந்து நாளைக்கு இருநூற்று எண்பது கழுத்து ஏறிய சட்டைகள் தவறாமல் வந்தன. கடைசியில் கட்டாகி வெளியே போனது இருநூற்று ஐம்பத்தைந்து. மீதியெல்லாம் எங்கே தேங்குகின்றன என்று தேட வேண்டியதில்லை, கையக்காவின் வலது பக்கம் மலைபோலக் குவிந்திருந்தன. முன்பு அவள் கழுத்துக்காகக் காத்திருப்பாள். இப்போது கூடமே கைக்காகக் காத்திருந்தது.

மெஷினுக்கு எண்ணெய் போட்டார்கள், பெல்ட்டை மாற்றினார்கள், விளக்கைத் தாழ்த்தினார்கள். இருநூற்று ஐம்பத்தைந்து அசையவில்லை. பொத்தான் தைக்கும் பெரியவர், எல்லாருக்கும் மாமா, சும்மா இருப்பாரா?

"என்னம்மா, கழுத்து போனதும் கை ஓடலையா?" என்றார். "காலாவது ஓடுதா பாரு."

கூடம் சிரித்தது. கையக்காவும் சிரித்தாள். ஆனால் அன்று மாலை அட்டையில், "நான் மெதுவாகிவிட்டேனா?" என்று எழுதினாள். நொடிகளைத் தவிர வேறெதையும் அவள் அதில் எழுதியது அதுதான் முதல் தடவை. அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. கேள்வி நியாயமானதுதான்.

நியாயமான கேள்வி என்பதால் அவள் அதை அளந்து பார்த்தாள். கை வைக்கும் தையலுக்கு முன்பு எத்தனை நொடியோ இப்போதும் அத்தனையே. பழைய அட்டைகள் சாட்சி சொல்லின. அப்படியானால் நேரம் தையலில் போகவில்லை, தையலுக்கு முன்னால் போகிறது. இப்போது சட்டைகள் பத்துப் பத்தாகக் கட்டி வருகின்றன. கட்டை அவிழ்க்க வேண்டும், ஒன்றை உருவ வேண்டும், உதற வேண்டும், உள்பக்கம் எது, இடது எது என்று பார்க்க வேண்டும், கை சேரும் வளைவில் வெட்டியிருக்கும் சின்னக் குறியைத் தேடிப் பிடிக்க வேண்டும். முன்பு இதெல்லாம் இருந்ததா? யோசித்தாள். இருந்ததாக ஞாபகமில்லை. முன்பு கையை நீட்டினால் சட்டை இருந்தது, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை கணவனின் சட்டைகள் ஆறை எடுத்துக்கொண்டு முன்னறையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள். அவரை முன்னால் இன்னொரு நாற்காலியில், தனக்கு முதுகு காட்டி உட்காரச் சொன்னாள். ஒவ்வொரு சட்டையாகப் பின்னால் எடுத்துக் கொடுக்க வேண்டும். அவர் கொடுத்தார். அப்படி இல்லை என்றாள். திருப்பிக் கொடுத்தார். அப்படியும் இல்லை.

"பின்ன எப்படித்தான் குடுப்பாங்க உங்கக்கா?"

"தெரியலையே."

அவர் நாற்காலியில் திரும்பி உட்கார்ந்தார். நாளெல்லாம் முகவரி பார்த்துத் தபால் பிரிக்கிற மனிதர், எது எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் விடமாட்டார்.

"ஒன்பது வருஷம் வாங்கியிருக்க. எப்படிக் குடுத்தாங்கனு தெரியாதா?"

வாங்கிய தன் கை எப்படி இருந்தது என்பது மட்டும் அவளுக்குத் தெரியும். அதை வைத்துப் பின்னோக்கிப் போனாள். இடது உள்ளங்கை மேல்நோக்கி இருந்தது. அதன்மேல் சட்டை உள்பக்கம் வெளியே தெரிய வந்து விழுந்தது. இடது தோள் மேலே இருந்தது. குறி நேராக வலது கட்டைவிரலுக்குக் கீழே இருந்தது. அப்படி வந்து விழ வேண்டுமென்றால், கொடுக்கிறவள் மேல்தையல் முடிந்த சட்டையைப் புரட்டி, அரைவட்டம் திருப்பி, உடம்பை வளைத்துப் பின்னால் நீட்டியிருக்க வேண்டும். ஒவ்வொரு சட்டைக்கும். கணவனின் மணிக்கட்டைப் பிடித்து அந்தத் திருப்பலைச் செய்ய வைத்தாள். ஏழாவது முயற்சியில் சட்டை வந்து விழுந்த விதம் அவளுக்கு உடனே அடையாளம் தெரிந்தது. தெருவில் தெரிந்தவர் குரல் கேட்டதுபோல இருந்தது. "இதேதான்" என்றாள். அவர் தோளைத் தேய்த்துக்கொண்டே எழுந்து போனார்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் அடிமடிப்புக்காரியின் கையில் கைபேசியைக் கொடுத்து நேரம் பிடிக்கச் சொன்னாள். தானே பிடித்தால் மனசு முள்ளைத் தள்ளிவிடும் என்ற சந்தேகம் அவளுக்குத் தன்மேலேயே இருந்தது. கட்டாக வந்தபடியே இருபது சட்டை, அக்காவின் திருப்பலில் அடுக்கி வைத்து இருபது. முதல் வகையில் சட்டைக்கு நூற்றிரண்டு நொடி. இரண்டாவதில் தொண்ணூறு. பன்னிரண்டு நொடி! அவள் மனதுக்குள் ஒரு மணி அடித்தது. இந்தப் பன்னிரண்டு நொடியை எந்த அட்டையிலும் எழுதாமல் விட்டது அவளுடைய தவறு. தன் கைகளை மட்டும் அளந்தாள், அக்காவின் கைகளை அளக்கவில்லை. ஆனால் அந்தத் தவறுதான் இப்போது அக்காவைத் திரும்பக் கொண்டுவரப்போகிறது என்று நினைத்தபோது, தவறு செய்ததில் அவளுக்குச் சந்தோஷம்கூட வந்தது.

முதலாளியம்மா அவள் எழுதிக் கொடுத்த அட்டையை இரண்டு தடவை படித்தாள்.

"இதுல உனக்கு வேண்டியவங்க விஷயம் ஏதாவது கலந்திருக்கா?"

"கலந்திருக்கு மேடம்" என்றாள் கையக்கா. "ஆனா பன்னெண்டு நொடியில கலக்கல. நீங்களே புடிச்சுப் பாருங்க."

முதலாளியம்மா பிடித்துப் பார்த்தாள். சரியாக இருந்தது. மாலையில் அவளை அறைக்குக் கூப்பிட்டு இரண்டு வழி சொன்னாள். கழுத்து மெஷினைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்து, பக்கத்துச் சுவரில் சின்னதாக ஒரு மின்சார இஸ்திரி மேஜை போட்டுவிடலாம், கழுத்து மடிப்பை அமுக்க அது போதும். இல்லையென்றால் சக்கரம் வைத்த ஒரு சாய்வுப் பலகை செய்யலாம். இஸ்திரிக்காரர் எப்படியும் சட்டையை எங்காவது போடத்தான் வேண்டும். இதே திருப்பலில் பலகைமேல் போட்டுவிட்டால், நிறைந்ததும் தள்ளிக்கொண்டு வந்து கையக்காவின் பக்கத்தில் நிறுத்திவிடலாம். இரண்டிலும் இருநூற்று எண்பது வரும்.

"எனக்கு எதுவானாலும் சரி. கண்டுபிடிச்சது நீ. எது வேணும்னு நாளைக்கு நீயே சொல்லு."

பதில் அவள் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் போன தடவை நகர்த்தப்பட்டவளைக் கேட்காமல் எழுதியதால்தானே இவ்வளவும் என்ற நினைவு வந்தது. நாளைக்குச் சொல்வதாகச் சொல்லிவிட்டு வந்தாள்.

மறுநாள் அரை மணி முன்னதாகச் சாப்பிட அனுமதி வாங்கிக்கொண்டு சாப்பாட்டு டப்பாவோடு இஸ்திரி அறைக்குப் போனாள். இஸ்திரிக்காரர், வெளிநாட்டு விருந்தாளி வந்திருப்பதாகச் சொல்லி ஒரு முக்காலியைத் துடைத்துப் போட்டார். அறையில் பெரிய ஜன்னல் இருந்தது. நீராவி வெளியே போக எப்போதும் திறந்திருக்குமாம். கழுத்தக்கா எதிரே உட்கார்ந்தாள். பிடரிக்கு மட்டும் பழகிப்போனவளுக்கு, அவ்வளவு கிட்டத்தில் முகத்தைப் பார்க்க முதலில் கூச்சமாக இருந்தது. மகள் விஷயத்தைச் சொன்னாள். கழுத்தக்கா அவள் கன்னத்தைத் தொட்டு, "பாட்டி ஆகப்போறவ, இன்னும் தலையைச் சரியா வாரத் தெரியல" என்றாள். நாற்பது நாள் சேர்த்து வைத்ததில் பாதியைக் கால் மணியில் கொட்டிவிட்டுக் கையக்கா கேட்டாள்:

"அக்கா, பழைய இடத்துக்கே வரச் சொன்னா வருவீங்களா?"

"யாரு சொல்றது?"

"நான்தான்."

"நீ சொன்னா இப்பவே ஊசியைக் கழட்டிக்கிட்டு வர்றேன். இவரோட பேசிப் பேசி எனக்கும் ஆவி வருது."

இஸ்திரிக்காரர் அதற்கு ஏதோ பதில் சொன்னார். கையக்காவுக்குக் காதில் விழவில்லை. அப்போதே ஓடிப்போய் முதலாளியம்மாவிடம் சொல்லிவிடலாம் என்று டப்பாவை மூடினாள். கழுத்தக்காவும் எழுந்து, பிற்பகல் வேலைக்கு வேண்டிய காலர்க் கட்டை மேல்தட்டிலிருந்து எடுத்தாள். வலது கையைத் தலைக்கு மேலே நேராக உயர்த்தி, ஒரே வீச்சில்.

கையக்கா மூடிய டப்பாவோடு நின்றாள். இந்தக் கை இவ்வளவு உயரம் போய் அவள் பார்த்ததே இல்லை. கூடத்தில் தட்டிலிருந்து எதை எடுக்க வேண்டுமானாலும் அக்கா யாரையாவது கூப்பிடுவாள். உயரம் போதாது என்பாள்.

கேட்டதும் கழுத்தக்கா மறைக்கவில்லை. நாலு வருஷமாக அந்தத் தோள் எழும்பாமல்தான் இருந்தது. தலை வாரிவிடக்கூட மருமகள் வேண்டும். வயசாகிவிட்டது என்று விட்டுவிட்டாள். இங்கே வந்து ஒரு மாதத்தில் தானாகவே சரியாகிவிட்டது. இந்த ஜன்னல் காற்றாக இருக்கும், அல்லது நீராவியாக இருக்கும் என்றாள்.

காற்றும் இல்லை, நீராவியும் இல்லை. கையக்காவுக்கு நாற்காலியிலிருந்து தோளைத் தேய்த்துக்கொண்டு எழுந்து போன கணவன் கண்முன் வந்தார். அவர் கொடுத்தது பத்துப் பதினைந்து தடவைதான் இருக்கும். இவள் நாளைக்கு இருநூற்று நாற்பது கொடுத்தாள்.

"எதுக்குக்கா அப்படித் திருப்பித் திருப்பிக் குடுத்தீங்க? சும்மா போட்டிருக்கலாமே."

கழுத்தக்கா காலரில் நூல்பிசிறை வெட்டிக்கொண்டே, யாரோ ஊர்ச் சமாச்சாரம் சொல்வதுபோலச் சொன்னாள்.

"உன் இடது மணிக்கட்டுதான் திரும்பாதே. நடையில வழுக்கி விழுந்து, மாவுக்கட்டுப் பிரிச்சிட்டு வந்தியே, அன்னையிலேர்ந்து. வலிக்குதுன்னு நீ எங்க சொன்ன? சட்டையைத் திருப்பறப்பெல்லாம் உன் மெஷின் நின்னு நின்னு ஓடுச்சு. எனக்குப் பின்னாடிதானே ஓடுது, கேக்காதா?"

அது ஆறு வருஷத்துக்கு முந்தைய விஷயம். கட்டுப் பிரித்து வந்த நாலாம் நாளே மணிக்கட்டு சரியாகிவிட்டதாக எல்லாரிடமும் பெருமையாகச் சொன்னாள் கையக்கா. சரியாகிவிட்டதாகத்தான் நம்பிக்கொண்டும் இருந்தாள். தையல் ஓடத் தடையில்லையே. அந்தத் தடையை எடுத்து இன்னொருத்தி தன் தோளில் போட்டுக்கொண்டாள் என்று எந்த நொடிமுள் அவளுக்குச் சொல்லும்? தான் அளந்த பன்னிரண்டு நொடியை யார் கொடுத்தார்கள் என்று நேற்றே தெரிந்துவிட்டது. எதை விலையாக வைத்து அதைக் கொடுத்தார்கள் என்பது இன்றைக்குத்தான் தெரிந்தது.

"சரி, எப்ப வரணும்?" என்றாள் கழுத்தக்கா.

"சொல்றேன்க்கா."

நடையில் திரும்பி வரும்போது அவள் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தாள். இரண்டு மெஷினையும் பக்கம் பக்கமாகப் போட்டால்? பொத்தான் மெஷின் இடிக்கும். எதிரும் புதிருமாகப் போட்டால்? கட்டு போகும் பாதை மறையும். பலகையை நடுவில் வைத்து, அக்காவை முன்னால் உட்கார வைத்தால்? வைக்கலாம். ஆனால் பலகை இருந்தாலும் அக்கா திரும்புவாள். திரும்பாதே என்று சொன்னாலும், இவள் மெஷின் ஒரு தடவை நின்று ஓடினால் போதும், திரும்பிவிடுவாள். அது அவளுக்கு நன்றாகத் தெரியும். பாதி நடையில் நின்று, சுவரில் சாய்ந்து, வேறு வழி இருக்கிறதா என்று கடைசியாக ஒரு தடவை பார்த்தாள். நொடிகளை எங்கிருந்தாவது தேடிப் பிடிக்கத் தெரிந்தவளுக்கு அந்த ஒரு வழி மட்டும் அகப்படவில்லை.

முதலாளியம்மா கேட்டபோது, "பலகையே போதும் மேடம்" என்றாள்.

"அவ வரமாட்டேன்னாளா?"

"வர்றேன்னுதான் சொன்னாங்க. நான்தான் வேண்டாங்கிறேன்."

முதலாளியம்மா அன்றைக்கே தச்சருக்குச் சொல்லி அனுப்பினாள்.

பலகை நாலாம் நாள் வந்தது. முதலில் சரிவு அதிகமாகி, சட்டைகள் வழியிலேயே சறுக்கி விழுந்தன. "கை வைக்கறதுக்கு முன்னாடியே ஓடுது பாரு, பயந்துபோய்" என்றார் பொத்தான் மாமா. கையக்கா தச்சரைக் கூப்பிட்டுக் கீழ்விளிம்பில் இரண்டு விரற்கடைக்கு ஒரு தடுப்பு வைக்கச் சொன்னாள். சக்கரத்தைச் சிறியதாக்கினாள். இஸ்திரிக்காரருக்குத் திருப்பலைக் காட்டிக்கொடுத்தாள். அவர் நின்றுகொண்டு மேஜையில் செய்கிறவர், இடுப்பும் வளைய வேண்டாம், தோளும் திரும்ப வேண்டாம். பழகப் பழக அவருக்கு அது தனி வேலையாகவே தெரியவில்லை. ஒரு வாரத்தில் எண்ணிக்கை இருநூற்று எழுபது ஆயிற்று. அடுத்த செவ்வாய்க்கிழமை இருநூற்று எண்பத்து மூன்று.

சட்டை கையில் சரியாகத்தான் வந்து விழுந்தது. உள்பக்கம் வெளியே, இடது தோள் மேலே, குறி கட்டைவிரலுக்குக் கீழே. ஒவ்வொரு தடவையும், மெஷினை மிதிப்பதற்கு முன்னால், அவள் ஒரு கணம் தயங்கினாள். அந்த ஒரு கணத்தை அவள் எங்கும் எழுதவில்லை.

இருநூற்று எண்பத்து மூன்று வந்த அன்று மாலை வேலை முடிந்து வெளியே வந்தபோது, வாயிற்கம்பியில் சாய்ந்தபடி கழுத்தக்கா நின்றுகொண்டிருந்தாள். அரை மணிக்கு முன்பே போயிருக்க வேண்டியவள்.

"இவ்வளவு நேரம் இங்கயா நின்னீங்க?"

"நான் வர்றேன்னு சொன்னேன். நீ வேண்டாம்னு சொன்னியாமே. மேடம்தான் சொன்னாங்க."

"ஆமாக்கா."

"ஒரு பலகையை வெச்சு என்னை மாத்திட்ட."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் கண் சிரிக்கவில்லை. கையக்கா பையின் வாரைத் தோளில் சரிசெய்தாள், பிறகு மறுபடியும் சரிசெய்தாள்.

"வேண்டாங்கறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"சொன்னா வந்துடுவீங்க."

"வந்தா என்னடி?"

இதற்குச் சொல்ல அவளிடம் ஒரு முழு வாக்கியம் இருந்தது. ஒன்பது வருஷமாக அரை அரையாகப் பேசியவளுக்கு அது ஒரே மூச்சில் வரவில்லை. தோளைப் பற்றிச் சொன்னால், அக்கா அதெல்லாம் ஒன்றுமில்லை என்று சொல்லி நாளைக்கே மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள். அதனால், "பலகை பேசாதுக்கா. வேலை ஓடுது" என்று மட்டும் சொன்னாள்.

கழுத்தக்கா அவளையே பார்த்தாள். அந்தப் பதிலை நம்பினாளா இல்லையா என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கக் கையக்காவுக்குத் தெரியவில்லை. பிடரியாக இருந்தால் தெரிந்திருக்கும். அதற்குள் கழுத்தக்காவின் பேருந்து வந்துவிட்டது. "பிள்ளை பிறந்தா சொல்லு" என்றாள், இன்னும் ஆறு மாதம் பார்க்கவே போவதில்லை என்பதுபோல. பிறகு, கோபம் தீராமலே, கையக்காவின் இடது மணிக்கட்டைப் பிடித்து ஒரு தடவை அழுத்திவிட்டு ஏறினாள்.

உட்கார இடமில்லை. ஜன்னல்களுக்கு உள்ளே கூட்டத்துக்கு நடுவில், மேல்கம்பியை எட்டிப் பிடித்தபடி வலது கை ஒன்று நேராக உயர்ந்து நிற்பது தெருவிலிருந்தே தெரிந்தது. பேருந்து மெதுவாகத்தான் கிளம்பியது. கையக்கா தன்னுடைய பேருந்து வந்து நின்றதையும் போனதையும் கவனிக்காமல், அது வளைவில் திரும்பும் வரை அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.